பெயர் இல்லாத டப்பா

போன மாதம் செய்யூரில் என் பைக் மக்கர் பண்ணியது. பழைய வண்டி, கார்புரேட்டர் மாடல். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஃப்ளோட் பின் போச்சு சார். கம்பெனி சாமான்னா மதுராந்தகம் போகணும். லோக்கல் கையிலயே இருக்கு, பாதி விலை" என்றார். போடச் சொன்னேன். மூன்றாம் நாள், சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் சொட்டியது.

"ஒரிஜினல் வாங்கியிருக்கணும்" என்பீர்கள். அங்கேதான் நான் சண்டைக்கு வருகிறேன். எது ஸ்வாமி ஒரிஜினல்?

பைக் கம்பெனிகள் பெரும்பாலும் கார்புரேட்டரைத் தாங்களே செய்ததில்லை. வெளியே வாங்கிப் பொருத்தின. செய்யூர் இருக்கிற இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மறைமலை நகர் யூகால் கம்பெனி ஜப்பானின் மிகுனி நுட்பத்தில் கார்புரேட்டர் செய்தது. அப்படிச் செய்தவர் தன் சொந்த டப்பாவில் போட்டு விற்றால் அது மட்டும் மட்டமா? 'கம்பெனி சாமான்' என்ற மந்திரம் யாருக்கு லாபம்? உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்குத் தாராளமாக விடவில்லை என்று 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டதை மறந்துவிட்டோமா?

அதற்காக லோக்கலுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஜெட் என்பது பித்தளையில் ஓர் ஊசித்துளை. துளை கொஞ்சம் பெரிதானால் பெட்ரோல் கூடுதலாகப் போகும், பிளக் கறுக்கும். பி.காம். கணக்கு போடுகிறேன். தினம் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். 60 கொடுத்த வண்டி 50 கொடுக்கிறது. லிட்டர் 100 ரூபாய் என்றாலும் மாதம் 300 ரூபாய் நஷ்டம். டி.வி.எஸ். மொபெட்டில் மீன் விற்கிறவருக்கு இது சின்னத் தொகையா?

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்ததும் புது பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பழைய வண்டிகளோ இன்னும் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. இனி இந்தச் சந்தையைப் பெயரில்லாத டப்பாக்கள்தான் பிடிக்கும்.

ஆகவே, "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்று கேட்காதீர்கள். "யார் செஞ்சது?" என்று கேளுங்கள். தயாரித்தவர் பெயர், விலாசம், மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் வருட விதி. அடுத்தவன் பெயரைத் திருடி அச்சடித்தால் மூன்று வருடம் வரை ஜெயில். பில்லும் கேட்டு வாங்குங்கள்.

தன் பெயரைப் போடவே பயப்படுகிறவன் செய்த சாமானை நம்பி, நாம் ஏன் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து வண்டி ஓட்ட வேண்டும்?