யாருடைய வரிப்பணம்?

'எங்க வரிப்பணத்துலதான் உங்க புள்ளைங்க படிக்குது' என்று சொல்லாத மேல்சாதி வாய் உண்டா? வடபழனியில் நான் குடியிருக்கும் வீட்டுக் கதையைக் கேளுங்கள் தோழர்களே. 2022 ஏப்ரலில் பழைய சென்னைப் பகுதிகளில் குடியிருப்புச் சொத்துவரி 50 முதல் 150 சதம் வரை உயருமென்று அரசு அறிவித்தது. நோட்டீஸ் வருவதற்குள்ளேயே வீட்டுக்காரர் வாடகையை ஏத்திட்டார். துட்டு என்னோடது, ரசீது அவர் பேருக்கு. வரி கட்டுகிறவர் என்கிற கௌரவமும் அவருக்கே! இத்தனைக்கும் இரண்டு அரையாண்டு பாக்கி வைத்திருந்த மனுஷன்.

பக்கத்துக் கோடம்பாக்கத்தில், ஊரடங்கில் மூடிக்கிடந்த ராகவேந்திரா மண்டபத்துக்கு 2020இல் ஆறரை லட்சம் வரி கேட்டதும் ரஜினிகாந்த் உயர்நீதிமன்றம் போனார். அபராதம் விழுமென்று நீதிபதி எச்சரித்த பிறகே வழக்கை வாபஸ் வாங்கினார், கட்டினார். அதே ஊரடங்கில் கூலியில்லாமல் முடங்கிய சேரிக் குடித்தனக்காரன் வாடகை பாக்கிக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? அவன் சட்டி பானைதான் தெருவுக்கு வந்தது.