மருந்து வாங்கும்போதே கையுறையும் வாங்குவோம்

மருந்து அடிக்க ஆள் தேடும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘டேங்குக்கு எவ்வளவு?’ என்பதுதான். கையுறை இருக்கிறதா, முகக்கவசம் இருக்கிறதா என்று நாமும் கேட்பதில்லை; அடிக்க வருபவரும் கேட்பதில்லை. மருந்து நம்முடையது, பயிர் நம்முடையது. உடம்பு மட்டும் அவருடையது என்று விட்டுவிடுகிறோம். இது சரியல்ல. மருந்து வாங்குகிற நிலத்துக்காரரே பாதுகாப்புச் சாமான்களையும் வாங்கித் தர வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்துக் கரைசல் என்றால், 16 லிட்டர் கைத்தெளிப்பானை 12, 13 முறை நிரப்பி முதுகில் தூக்க வேண்டும். டேங்க் கணக்கில் கூலி என்பதால் நின்று இளைப்பாறினால் அவருக்குத்தான் நஷ்டம். உச்சி வெயில் ஏறிய பிறகும் அடிக்கிறார். மூடி சரியாக இல்லாத டேங்கிலிருந்து மருந்து கசிந்து முதுகுச் சட்டையை நனைக்கிறது. வியர்வையில் ஊறிய தோல் வழியே நஞ்சு இன்னும் எளிதாக உள்ளே போகும்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டு அங்கே பருத்திச் செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தன. தலைக்கு மேல் தூக்கி அடித்த மருந்து, அடித்தவர் மீதே விழுந்தது. நம் ஊர்ப் பருத்திக்காட்டிலும், பந்தல் காய்கறியிலும், மாந்தோப்பிலும் இப்படித்தானே அடிக்கிறோம்?

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். மருந்தில் நனைந்த துண்டு நஞ்சை முகத்தோடு ஒட்டி வைத்திருக்கும், அவ்வளவுதான். கொரோனா காலத்து முகக்கவசமும் மருந்தின் ஆவியைத் தடுக்காது. மேலும், மூச்சைவிடத் தோல் வழியாகத்தான் பெரும்பாலும் மருந்து உடம்பில் சேருகிறது. பாட்டிலைத் திறந்து அளந்து கலக்கும் நேரம்தான் அதிக ஆபத்து. அப்போதுதான் நாம் வெறுங்கையோடு இருக்கிறோம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. முழங்கையை நெருங்கும் நைட்ரைல் ரப்பர் கையுறை, கண்ணாடி, கரி வடிகட்டி உள்ள முகக்கவசம், ரப்பர் பூட்ஸ். இவற்றோடு முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, தொப்பி. முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே விட்டால் மருந்து வழிந்து காலில் தேங்கும். கையுறை, பூட்ஸைக் கழுவிவைத்தால் பல முறை பயன்படும். முகக்கவசத்தின் வடிகட்டியை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

‘இதையெல்லாம் மாட்டிக்கொண்டு வெயிலில் அடிக்க முடியுமா?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகக் கவசத்தைக் கழற்றக் கூடாது, நேரத்தை மாற்ற வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பும், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் காற்று அடங்கிய நேரத்தில் அடிக்கலாம். டேங்க் கணக்கை விட்டுவிட்டு அரைநாள் கூலி என்று பேசினால் அவசரமும் குறையும். ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாள் முடியட்டும்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சி முகாமில் ஒருவருக்குக் கவசம் மாட்டிப் படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். முகாமுக்கு வருபவர் பெரும்பாலும் நிலத்துக்காரர். மருந்து அடிப்பவர் அன்று வேறு காட்டில் கூலிக்குப் போயிருப்பார். அவரை வயலில் போய்ப் பாருங்கள். ஓட்டை டேங்க், தேய்ந்த வாஷர், அடைத்த நாசிலை வாயால் ஊதும் பழக்கம் இவையெல்லாம் அங்கேதான் கண்ணில் படும். மருந்து பாட்டிலில் உள்ள முக்கோணத்தின் நிறத்துக்கு என்ன பொருள், சிவப்பு ஏன் மிகக் கடுமையான நஞ்சு என்பதை அங்கேயே சொல்லுங்கள்.

அடிக்கும்போது தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்குதல் தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். நனைந்த துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்து பாட்டிலையோ லேபிளையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர் சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்க முடியும்.

பூச்சி தின்ற செடி அடுத்த பட்டத்தில் மறுபடி முளைக்கும். அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகும்போது, பாட்டிலோடு ஒரு ஜோடி கையுறையையும் கேட்டு வாங்குங்கள். கூலி பேசும் முன் அதை அவர் கையில் கொடுங்கள்.