கேட்டால் விசுவாசம் குறைவா?

கம்பஸில் இறுதியாண்டு வந்தால் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அடுத்து என்ன?" பாங்க், ஆசிரியர் நியமனம், வெளிநாடு என்று எதைச் சொன்னாலும் வீட்டில் தலையாட்டுவார்கள். "முழுநேர ஊழியத்துக்குப் போகப் போறன்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்ப சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்?"

அது நியாயமான கேள்வி. ஏனென்றால், மாணவர் ஊழியம், இளைஞர் ஊழியம், மிஷன் வேலை செய்கிற பல அமைப்புகளில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. உங்களை மாதாமாதம் தாங்கக்கூடிய ஆட்களை நீங்களே தேட வேண்டும். ஒருவர் இரண்டாயிரம், இன்னொருவர் ஐயாயிரம் என்று சேர்ந்து, ஒரு அளவுக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கலாம். "சப்போர்ட் ரெய்சிங்" என்று இதைச் சொல்கிறோம்.

இதைப் பற்றி எங்கள் சபைகளில் இரண்டு வசனம் அடிக்கடி காதில் விழும். முதலாவது: "கர்த்தர் அழைச்சால் கர்த்தர் தருவார், மனுசரிட்ட கேட்காதே." இரண்டாவது: "காசு சேரேல்லையா? அப்ப அது அழைப்பு இல்லை." இரண்டுமே பக்தியான பேச்சு மாதிரித்தான் இருக்கும். என்னுடைய கருத்து, முதலாவது பாதி உண்மை, இரண்டாவது ஆபத்தானது.

முதலாவதை எடுப்போம். "கேட்காதே" என்று சொல்கிறவர்கள் வழமையாகக் காட்டுகிற உதாரணம் ஜோர்ஜ் முல்லர். 1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு தொடங்கினார். 1898இல் இறக்கும்வரை பத்தாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளை அவருடைய இல்லங்கள் பார்த்துக்கொண்டன. யாரிடமும் நேரடியாகக் காசு கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டும் கேட்பது என்பதுதான் அவருடைய கொள்கை. நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒருவர், ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளுக்கு வீடு அமைத்து, 1951இல் அங்கேயே இறந்தார். ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அவரும் காசு கேட்கிறதில்லை என்ற வழியில்தான் நின்றார்.

இவர்களுடைய விசுவாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். முல்லர் ஒவ்வொரு வருடமும் அறிக்கை அச்சடித்தார். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எந்த நாள் கையில் காசே இல்லாமல் இருந்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. கார்மைக்கேல் முப்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். டோனாவூரின் கதை உலகம் முழுக்கப் போனது. இவர்கள் "தாருங்கள்" என்று கேட்கவில்லை. ஆனால் மக்களுக்குத் தெரியாமலும் இருக்கவில்லை. ஆக, கேட்காமல் இருப்பது வேறு, ஒளித்து வைப்பது வேறு. இன்றைக்கு "நான் யாரிட்டயும் கேட்கிறதில்லை" என்று சொல்லிவிட்டு, கணக்கும் காட்டாமல், செய்தியும் அனுப்பாமல் இருக்கிறவர் முல்லரின் வழியில் போகவில்லை.

சரி, வேதம் என்ன சொல்கிறது? எஸ்றாவையும் நெகேமியாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் அர்தசஷ்டா ராஜாவின் காலத்தில் எருசலேமுக்குப் போனவர்கள். இடையில் பதின்மூன்று வருடம்தான். எஸ்றா, கடவுள் எங்களைக் காப்பார் என்று ராஜாவிடம் சொல்லியிருந்தபடியால், பாதுகாப்புக்குப் படை கேட்க வெட்கப்பட்டார். உபவாசம் பண்ணி ஜெபித்துவிட்டுப் புறப்பட்டார். நெகேமியாவோ ராஜாவிடம் கடிதம் கேட்டார், வாசலுக்கும் மதிலுக்கும் மரம் கேட்டார், படைவீரரோடே போனார். கேட்பதற்கு முன் அவரும் ஜெபித்தார். ஒருவர் கேட்கவில்லை, ஒருவர் கேட்டார். இரண்டு பேருக்கும் கடவுளின் கை தங்கள்மேல் இருந்தது என்றுதான் அந்தப் புத்தகங்கள் சொல்கின்றன. எஸ்றாகூட ராஜா கொடுத்த வெள்ளியையும் பொன்னையும் மறுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பவுலும் அப்படித்தான். கொரிந்து சபையிடம் காசு வாங்க மறுத்து, கூடாரம் செய்து பிழைத்தார். பிலிப்பி சபை அனுப்பியதை நன்றியோடு ஏற்றுக்கொண்டார். ரோமருக்கு எழுதும்போது, ஸ்பெயினுக்குப் போகிற வழியில் நீங்கள் எனக்கு உதவி செய்வீர்கள் என்று நம்புகிறேன் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். ஒரே ஆள், மூன்று இடத்தில் மூன்று வழி. எனவே கேட்டதால் விசுவாசம் குறைவு என்றோ, கேட்காததால் விசுவாசம் கூட என்றோ அளக்க முடியாது.

இனி இரண்டாவது வசனத்துக்கு வருவோம். "காசு சேர்ந்தால் அழைப்பு, சேராவிட்டால் அழைப்பு இல்லை." எனக்கு இதுதான் பெரிய பிரச்சினை.

வெள்ளவத்தையில் வளர்ந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மாமா கனடாவில், சித்தி லண்டனில், அப்பாவின் நண்பர்கள் டொக்டர், எஞ்சினியர். ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டால் இரண்டு கிழமையில் பாதித் தொகை சேர்ந்துவிடும். இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளையை நினையுங்கள். அப்பா கடையில் வேலை, அம்மா வீட்டிலிருந்து தைக்கிறவர், தெரிந்த ஆட்கள் எல்லாரும் மாதக் கடைசியில் தாங்களே கடன் வாங்குகிறவர்கள். அல்லது ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்து போடிங்கில் இருக்கிற பிள்ளை. இந்த இருவரும் யாரிடம் போய்க் கேட்பார்கள்? அவர்கள் உழைத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றல்லவா வீட்டில் எதிர்பார்க்கிறார்கள்?

மூன்று பேரும் ஒரே ஜெபக் கூட்டத்தில் முழங்காலில் நின்றவர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு முதலாவது பிள்ளை மேடையில் நின்று "கர்த்தர் அற்புதமாய்த் தந்தார்" என்று சாட்சி சொல்கிறது. மற்ற இருவரும் "அழைப்பு இல்லைப் போல" என்று நினைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சாட்சி பொய் இல்லை. கடவுள்தான் தந்தார், மாமா மூலமாகத் தந்தார். ஆனால் மாமா இல்லாதவரைக் கடவுள் அழைக்கவில்லை என்று முடிவு கட்ட எங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? யாருக்குச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதைத்தான் நாங்கள் அழைப்பு என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோமா?

2022 இதை அப்பட்டமாகக் காட்டியது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். வெளிநாட்டிலிருந்து நூறு டொலர் வந்துகொண்டிருந்த ஊழியருக்கு, ரூபாயில் கையில் கிடைத்தது ஒரேயடியாகக் கூடியது. விலையேற்றத்தை ஓரளவு தாங்கலாம். உள்ளூரில் மாதம் ஐயாயிரம் கொடுத்துவந்த ஒரு ஆசிரியரை நம்பியிருந்த ஊழியருக்கோ, அந்த ஐயாயிரத்தில் வாங்கக்கூடிய அரிசியும் பருப்பும் சுருங்கிப்போனது. அந்த ஆசிரியரே தன் வீட்டுச் செலவைப் பார்க்க வேண்டிய நிலை. இந்த இரண்டு ஊழியருக்கும் விசுவாசத்தில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. வித்தியாசம் நாணயத்தில்தான்.

அப்படியென்றால் விசுவாச ஊழியம் என்பதையே விட்டுவிட்டு எல்லாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டுமா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. கடவுளை நம்பிப் புறப்படுவதும், வருகிற காசைப் பகிர்வதும் ஒன்றாகப் போகலாம். ஹட்சன் டெய்லர் 1865இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷனில் யாருக்கும் நிச்சயமான சம்பளம் இல்லை. காசுக்கு விண்ணப்பம் செய்வதும் இல்லை. ஆனால் வந்த காசு பொது நிதிக்குப் போய் ஊழியரிடையே பகிரப்பட்டது. குறைந்தால் எல்லாருக்கும் குறைந்தது. அவர்கள் சேர்ந்து நம்பினார்கள். நாங்கள் அவர்களிடமிருந்து "நம்பு" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, "சேர்ந்து" என்பதை விட்டுவிட்டோம்.

எங்கள் சரித்திரத்திலும் இது இருக்கிறது. 1902இல் வேதநாயகம் அசரியா யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷன் வேலை நடத்துவதைக் கண்டது அவரை உலுக்கியது. அடுத்த வருடமே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெள்ளைக்காரரின் காசுக்குக் காத்திராமல், உள்ளூர்ச் சபைகளின் காசில் தோர்ணக்கல்லுக்கு மிஷனரிகளை அனுப்பினார்கள். அசரியா பிறகு 1912இல் அங்கேயே பிஷப் ஆனார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் பணக்காரர் இல்லை. மிசோரமில் இன்றைக்கும் பெண்கள் ஒவ்வொரு நேரமும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கு எடுத்து வைக்கிறார்கள். 1910இல் தொடங்கிய பழக்கம் அது. இன்று வருடத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாய் அதிலிருந்து சேர்கிறது. பிடியரிசி எங்கள் அம்மம்மாமாருக்கும் தெரியாத விஷயம் இல்லை.

அந்த வழியில் ஏழையும் கொடுக்கிறவர் ஆகிறார். சாறிபாத் விதவையிடம் எலியா அப்பம் கேட்டதை நினையுங்கள். கடைசிப் பிடி மாவு வைத்திருந்தவளிடம் கேட்டது கொடூரம் மாதிரித் தெரியும். ஆனால் கொடுத்தவளும் கேட்டவரும் ஒரே பானையிலிருந்து சாப்பிட்டார்கள். அவளிடம் வாங்கிக்கொண்டு எலியா வேறு வீட்டில் விருந்துண்ணப் போகவில்லை. இன்றைக்கு "விதையுங்கள், நூறு மடங்கு வரும்" என்று கொட்டாஞ்சேனைத் தாய்மாரிடம் காணிக்கை வாங்குகிறவர்களுக்கும் எலியாவுக்கும் உள்ள தூரம் அதுதான்.

கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாட்டில் "கிறிஸ்தவர்கள் காசு கொடுத்து மதம் மாற்றுகிறார்கள்" என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக இருக்கிறது. 2004இல் பலவந்த மதமாற்றத்துக்கு எதிராகச் சட்டமூலமே கொண்டுவந்தார்கள். எங்கிருந்து காசு வருகிறது, எங்கே போகிறது என்பதைத் திறந்து வைப்பதுதான் அதற்கு நாங்கள் கொடுக்கக்கூடிய நல்ல பதில். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த காசைக் கொண்டுபோகும்போது, யாரும் குறை சொல்லாதபடி பவுல் வேறு ஆட்களையும் கூட அனுப்பினார். அவரே அப்படிச் செய்தால், நாங்கள் ஏன் கணக்குக் கேட்டால் கோபப்படுகிறோம்?

ஆகவே, உங்கள் ஃபெலோஷிப்பில் யாராவது ஊழியத்துக்குப் போகிறேன் என்று சொன்னால், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று தோளில் தட்டிவிட்டுப் போகாதீர்கள். முதலில், அவருக்குத் தெரிந்த ஆட்கள் யார் என்று கேளுங்கள். அவருக்கு மாமா இல்லையென்றால் உங்கள் மாமாவை அறிமுகப்படுத்துங்கள். உங்கள் அமைப்பில் பொது நிதி இருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் ஏன் இல்லை என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். ஸ்டூடன்ட் தானே, என்னிடம் என்ன இருக்கு என்று நினைக்காதீர்கள். பத்துப் பேர் மாதம் ஐந்நூறு ரூபா போட்டால் ஐயாயிரம்.

கடவுள் தருவார் என்று நானும் நம்புகிறேன். அவர் தரும்போது பெரும்பாலும் இன்னொருவருடைய பேர்ஸிலிருந்துதான் தருகிறார். அந்த இன்னொருவர் நாங்களாக இருக்கக்கூடும்.