இயற்கை உணவும் இடுப்பளவும்

இது நம்மவர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். நம் கூட்டங்களுக்கு வருகிற அறுபது தாண்டியவர்களில் பலருக்கு வயிறு முன்னால் வந்து நிற்கிறது. கேட்டால், "நமக்கென்னங்க, எல்லாம் நஞ்சில்லாத சாப்பாடு" என்கிறார்கள்.

நஞ்சில்லை, சரி. மாவுச்சத்து இருக்கிறதே! மாப்பிள்ளைச் சம்பா நல்ல அரிசிதான். அதற்காக மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டால் அது எங்கே போகும்? நாட்டுச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. பேங்கில் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவன் நான். வரவு நல்ல பணமாகவே இருக்கட்டும், செலவு இல்லாவிட்டால் இருப்பு ஏறத்தானே செய்யும்?

உழவுக்கு டிராக்டர், களைக்கு பவர் வீடர், மோட்டார் போடச் செல்போன், வயலுக்குப் போக டூவீலர். ஏர் பிடித்த அப்பாவின் சாப்பாட்டளவு மட்டும் மாறவில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை. அதுவும் 49 வயது வரைதான். அவர்களும் நம் வரிசைக்கு வரப்போகிறவர்கள்தான்.

எடை மிஷினை மட்டும் நம்பாதீர்கள். வயதானால் தசை கரையும், கொழுப்பு சேரும், முள் அதே இடத்தில் நிற்கும். வயிற்றை எக்காமல் இடுப்பை டேப்பால் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அதைத் தாண்டினால் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு என்று எல்லா ஆபத்தும் கூடுகிறது. முழங்கால் பாடு தனி. உடம்பில் ஒரு கிலோ கூடினால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஏறத்தாழ 4 கிலோ சுமை கூடும். வரப்பில் ஏறி இறங்க முடியாதவர் நிலத்தைக் குத்தகைக்கு விடுவார். வருகிறவர் முதல் போகத்திலேயே யூரியாவை வீசுவார். பத்து வருஷம் மண்ணைத் தேற்றியதெல்லாம் அதோடு போச்சு.

அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். இந்த வயதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். சோற்றைப் பாதியாக்கி, கொள்ளு, தட்டைப்பயறு, கீரை, முட்டை சேருங்கள். (பயறை விற்பதற்கு மட்டும்தான் விளைவிக்கிறோமா?) சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டே மாற்றவும். தினமும் ஒரு மணி நேரமாவது களைக்கொத்தைக் கையில் எடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு டேப் கொண்டு வருகிறேன். கருப்பட்டி அதிரசத் தட்டு வருவதற்கு முன்னால் எல்லோரும் அளந்துகொள்வோம்.