துப்பாக்கியில்லாத உறை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு கலகம் விளைந்தது. காரணம் ஒரு துப்பாக்கி உறை. நேயர்கள் திடுக்கிட வேண்டாம். உறை மாத்திரந்தான், உள்ளே ஒன்றும் இல்லை.

பதினெட்டு வருஷங்களுக்கு முன் நம்மிடம் கணக்குப் படித்த மாணாக்கர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் என்ஜினீயராக இருக்கிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தவர், பழைய வாத்தியாரை மறவாமல் நம்மையும் பார்க்க வந்தார். ஆப்பிள், திராட்சை இவற்றோடு, "என் கையால் செய்தது, ஸார்" என்று சொல்லி ஒரு பொட்டணத்தையும் நீட்டினார். பிரித்தால், புளியங்கொட்டை நிறத்தில் ஒரு தோல் உறை. தையல்கள் ரூல் போட்ட நோட்டுப் புத்தகத்துக் கோடுபோல் ஓடின.

நம் அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா அது, தோலா?" என்றார்.

"ஆமாம், பாட்டி" என்றார் மாணாக்கர், வெள்ளை மனத்தோடு.

"எதோட தோல்?"

பதில் கிடைத்ததும், "அது திண்ணையோடே இருக்கட்டும்; கூடத்துக்கு வரவேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டார். ஆகவே அன்றைய சம்பாஷணை முழுவதும் திண்ணையிலேயே நடந்தது.

"ஏனப்பா, நீ துப்பாக்கி சுடுகிறவனா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். அவரிடம் துப்பாக்கியே கிடையாதாம். உறை செய்கிறவர்களுக்கென்று நீலப் பிளாஸ்டிக்கில் வார்த்த பொய்த் துப்பாக்கிகள் அங்கே விற்கிறார்கள். அளவெல்லாம் நிஜத்தைப் போலவே இருக்கும். அதை வைத்துக்கொண்டு உறையும் தோட்டாப் பையும் செய்து சிநேகிதர்களுக்குக் கொடுப்பது அவருடைய சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்துக்கொள்ளும் அந்தத் தேசத்து வழக்கத்தை நாம் மெச்சவில்லை, அவரும் மெச்சவில்லை. பின் ஏன் இந்த வேலை என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது.

அவருடைய அடுத்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். அவருடைய வலது தொடையில் முழங்கால் வரையில் நீண்ட தழும்பு ஒன்று உண்டு. எதிரி சுட்டதன்று, தாமே சுட்டுக்கொண்டது. பல வருஷம் உபயோகித்த தோல் உறை துவண்டு, வாய்ப் பக்கத்தில் மடிந்துபோயிருந்தது. ஒரு நாள் அவர் துப்பாக்கியை உறையில் செருகும்போது அந்த மடிப்பு விசையின் மேல் விரல்போல் பட்டுவிட்டது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மனிதர் தமக்கு வேண்டிய உறையைத் தாமே செய்யத் தொடங்கினார். பிறகு நம் மாணாக்கருக்கும் கற்றுக் கொடுத்தார். அவர் கற்பித்த முதல் பாடம்: உறை என்பது துப்பாக்கியை எடுப்பதற்கு அல்ல, அது வெடிக்காமல் இருப்பதற்கு.

இந்தப் பாடத்தை அந்தத் தேசமே சற்றுத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது போலும். 1920-களில் எல் பாஸோ நகரத்தில் டாம் த்ரீபர்ஸன்ஸ் என்ற காவல் அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் பெயரால் வழங்கும் உறையில் விசைப்புறத்துத் தோலை வெட்டி விட்டிருப்பார்கள். கை வேகமாகப் போகவேண்டும் என்பது உத்தேசம். அவ்வூர்ச் சேணக்காரர் மையர்ஸ் அதை நாடெங்கும் விற்றார். அக்காலத்து ரிவால்வருக்கு அது ஒருவாறு பொருந்தியிருக்கலாம். இலேசாகத் தொட்டாலே வெடிக்கும் இக்காலத்துப் பிஸ்டல்களுக்கு விசையை முழுவதும் மூடாத உறை எமனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு.

செய்முறையைக் கேட்டபோது கணக்கு வாத்தியாராகிய நமக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. அங்கே தோலின் கனத்தை அவுன்ஸில் சொல்கிறார்களாம். ஒரு சதுர அடித் தோல் எட்டு அவுன்ஸ் நிறுத்தால், அதன் கனம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அங்குலம். நிறையைச் சொன்னால் கனம் விளங்கிவிடுகிறது. கைத்துப்பாக்கி உறைக்கு இந்த எட்டு அவுன்ஸ் தோல்தான் பெரும்பாலும் உகந்தது.

தோலைக் காகித மாதிரியின்படி வெட்டித் தைத்த பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைக்கிறார்கள். கொதிநீர் கூடாது, தோல் சுருங்கி விறைத்துவிடும். நனைந்த உறைக்குள் பொய்த் துப்பாக்கியைச் செருகி, எலும்புக் கருவியாலோ கரண்டிக் காம்பாலோ ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அழுத்தி அழுத்தி எடுக்கவேண்டும். ஒரு நாள் காய்ந்தால் தோல் அந்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் துப்பாக்கி விழாது.

எல்லாத் தோலும் இப்படிப் பிடிப்பதில்லை. குரோம் உப்பில் பதனிட்டது மெத்தென்று, கைப்பைக்கு நன்றாயிருக்கும். சொன்ன வடிவத்தில் நில்லாது. மரப்பட்டையில் பதனிட்டதே இதற்கு வேண்டும். "அது நம்ம ஊர் வித்தைதானே, ஸார்!" என்றார் மாணாக்கர். உண்மைதான். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்த தென்னாட்டுத் தோல் நெடுங்காலம் லண்டன் சந்தையில் மதிப்போடு விலைபோயிற்று. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு தோல் மண்டிகளில் அந்த முறை இன்னும் அற்றுப்போகவில்லை. ஆவாரைக்குப் பதில் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சத்தைச் சேர்க்கிறார்கள்.

தையலுக்கு ஒரே நூல், இரண்டு ஊசி. குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகப் போய் வரவேண்டும். இயந்திரத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் மளமளவென்று பிரியும். இதில் ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். நூலுக்குத் தேன்மெழுகு பூசுவார்கள். நம் மாணாக்கரின் முதல் உறைக்கு மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன. தபால்காரர் அதைக் கையில் வாங்கி இரண்டு முறை மடக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குப்பைக் கூடையில் போட்டாராம்.

தோட்டாப் பையில் வேறொரு சூட்சுமம். தோட்டாவின் குப்பி பித்தளை. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டையில் பதனிட்ட தோலிலும் புளிப்பு உண்டு. தோட்டாவை அதில் நாட்கணக்காக விட்டுவைத்தால் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பேறியது துப்பாக்கிக்குள் சிக்கிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ராணுவம் இதனால் மிகவும் தொல்லைப்பட்டது. ஆன்ஸன் மில்ஸ் என்ற அதிகாரி தோலை விட்டுவிட்டு நூலாலேயே தோட்டாக் கச்சையை நெய்வித்தார். எல் பாஸோ நகருக்குத் திட்டம் வரைந்து பெயரிட்டவரும் அவரே. ஆகவே தோட்டாப் பை சுமப்பதற்குத்தான், சேமிப்பதற்கு அல்ல. வீட்டுக்கு வந்ததும் காலி செய்துவிடவேண்டும்.

இடுப்புக் கச்சையோடு தோளில் குறுக்காகப் போகும் வாரை நம் போலீஸ் உத்தியோகஸ்தர்களிடம் நேயர்கள் பார்த்திருப்பார்கள். அது ஸாம் பிரௌன் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவரின் யோசனை. நம்மவர்கள் கிளர்ந்தெழுந்த யுத்தத்தில், 1858-ல், அவர் இடக்கையை இழந்தார். ஒற்றைக் கையால் வாளை உருவுவதற்காகக் கண்ட ஏற்பாடு உலகமெங்கும் பரவிவிட்டது.

விடைபெறும்போது மாணாக்கர், தாம் திண்டுக்கல்லில் வாங்கிய தோலில் ஒரு துண்டும், இரண்டு ஊசியும், குத்தூசியும், மெழுகும் நம்மிடம் விட்டுச் சென்றார். இரவு ரேடியோவில் கச்சேரி. தனியாவர்த்தனத்துக்கு அத்தை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கையில், "மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் என்ன என்று தெரியுமா, அத்தை? அதற்குத் தோலைப் பக்குவம் செய்து தருகிறவர் கையைக் கூடத்தில் விடுவோமா?" என்று கேட்டோம். "அது வாத்தியம்" என்றார் அத்தை. சற்றுப் பொறுத்து, "கச்சேரியைக் கேட்க விடு" என்றார். நாற்பது வயதுக்குமேல் ஆகியும், பள்ளிக்கூடத்தில் கைத்தொழிலின் மகிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தும், நாம் அதுவரை ஒரு தோல் துண்டில் ஊசி குத்தியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கூடு தைத்தோம். விரலில் நான்கு இடத்தில் ரத்தம். தைத்து முடித்தபின் கண்ணாடி உள்ளே போகவில்லை. தோலின் கனத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம்! எட்டாம் வகுப்புப் படிக்கும் நம் பிள்ளை இதைத் தெரு முழுவதும் சொல்லிவிட்டான். இரண்டாவது கூட்டில் கண்ணாடி போகிறது. ஆனால் தையல் வாய்க்கால் வரப்புபோல் வளைந்து கிடக்கிறது.

நேற்று அத்தை தம் கண்ணாடியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்து, அளவு பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"ஆனால் துணியிலே தைத்துக் கொடு" என்று நிபந்தனை.

கித்தான் துணி தேடிக்கொண்டிருக்கிறோம்.