419 பெரிசா? 192 பெரிசா?
கணக்கைச் சொல்லும் விதத்தில் ஏமாறலாமா?



2007 பிப்ரவரி 5-ல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது. "தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி., மாபெரும் வெற்றி!" என்றார்கள் சிலர். "இடைக்காலத் தீர்ப்பில் 205, இப்போ 192, போச்சு!" என்றார்கள் வேறு சிலர். தீர்ப்பு ஒன்றுதான். கைதட்ட வைக்க நினைத்தவர் ஒரு எண்ணை எடுத்தார், அழ வைக்க நினைத்தவர் இன்னொரு எண்ணை எடுத்தார்.

உண்மை என்ன? 419-ல் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தரவேண்டியது 192 மட்டுமே. மீதி பவானி, அமராவதி என்று நம்ம எல்லைக்குள்ளேயே சேர்கிற தண்ணீர். 1991-ன் 205 மேட்டூரில் அளந்தது, 192 பிலிகுண்டுலுவில் அளப்பது. இரண்டையும் அப்படியே கழித்துப் பார்ப்பதும் சரியில்லை. கர்நாடக விவசாயி காதிலோ "அவர்களுக்கு 419, நமக்கு 270" என்று விழுந்தது. 2007 பிப்ரவரி 12-ல் அங்கே முழு அடைப்பு! "நீங்கள் விடவேண்டியது 192" என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு கொதிப்பு வந்திருக்குமா?

இது நம்ம ஊர் சங்கதி மட்டுமல்ல. 600 பேர் உயிர் ஆபத்தில் இருப்பதாக வைத்து ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். 1981-ல் அது வெளியானது. "200 பேர் பிழைப்பார்கள்" என்று சொன்னபோது 100-க்கு 72 பேர் அந்த வழியை ஏற்றார்கள். அதையே "400 பேர் சாவார்கள்" என்று திருப்பிச் சொன்னபோது ஏற்றவர்கள் 22 பேர்தான். கணக்கு மாறவில்லை, பேச்சு மாறியது!

இப்போ நம்ம வாய்க்காலுக்கு வருவோம். "அணையில் வினாடிக்கு 10,000 கன அடி திறப்பு" என்று செய்தி வந்தால் கடலே வருகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் முழுக்க விட்டாலும் அது 1 டி.எம்.சி. கூட இல்லை! அதைக் கேட்ட தலைமடைக்காரர் "தண்ணிக்கு என்ன பஞ்சம்?" என்று மதகை மூடமாட்டார். குமராட்சிப் பக்கத்துக் கடைமடையில் நேரடி விதைப்பு காயும். அவரிடம் "விட்டுக்கொடுங்கள்" என்றால் தன் சொத்தைப் பிடுங்குவதாக நினைப்பார். "நாளையோடு உங்க முறை முடியுது, அடுத்து கடைமடை முறை" என்றால் அவரே ஷட்டரை இறக்குவார். முறைப்பாசனம் நிற்பது இந்த வார்த்தையில்தான்.

ஆகவே நாம் கேட்பது:

1. கீழணையில் பிரியும் வடவாறு, வடக்குராஜன் வாய்க்கால்களிலும் அவற்றின் கிளைகளிலும் மதகுதோறும் பலகை வைக்க வேண்டும். எந்த ஊருக்கு எத்தனை நாள் தண்ணீர், எத்தனை நாள் பாக்கி என்று அதில் எழுத வேண்டும்.

2. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் 192-ஐ 177.25 ஆக்கியது. அதன்படி ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 டி.எம்.சி. வரவேண்டும். வந்தது எவ்வளவு, வராதது எவ்வளவு என்று நீர்வளத்துறை மாதாமாதம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

3. முறை வைக்கும் கூட்டத்தில் தலைமடை, கடைமடை இருவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

யார் எண் சொன்னாலும் "மறுபக்கம் என்ன?" என்று கேளுங்கள். கேட்காமல் கைதட்டாதீர்கள், கேட்காமல் கலங்காதீர்கள்!

தலைமடையும் கடைமடையும் ஒரே வாய்க்கால்!
ஒன்றுபடுவோம்! உரிமை பெறுவோம்!