முதல் பக்கமும் மச்சானோட கிரைண்டரும்

தங்கமணியோட அண்ணன் கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்துல கிரைண்டர் பட்டறை வெச்சிருக்கார். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. நாலு ஆளு, ஒரு லேத், முன்னாடி ஒரு சின்ன ஷோரூம். அவங்க அப்பா காலத்துல ஆரம்பிச்சது. 2023 பொங்கலுக்குப் போயிருந்தப்ப, இலையில பொங்கல் ஆறிக்கிட்டு இருக்க, மொபைலை என் பக்கமா நீட்டினார்.

"மாப்ளே, நீங்க பொட்டி தட்டுறவரு தானுங்க. நம்ம சைட்டு கூகுள்ல முதல் பக்கம் வருதுங்கறாங்க. ஆனா ஒரு போன் கூட வர்றதில்லீங்க. என்னன்னு பாருங்களேன்."

நான் தட்டுற பொட்டி சம்பளக் கணக்கு சாப்ட்வேர். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா பொட்டி தட்டுறவனுக்கு பிரிண்டர் ரிப்பேர்லேர்ந்து பேங்க் பாஸ்வேர்டு வரைக்கும் எல்லாம் தெரியும்ங்கிறது சொந்தக்காரங்க சட்டம். சரி, பார்த்துருவோம்னு உக்காந்தேன்.

விஷயம் என்னன்னா, 2021 நடுவுல ஒரு ஏஜென்சி ஆள் வந்து "எஸ்ஈஓ பண்ணித் தர்றோம், முதல் பக்கம் கேரண்டி சார்"னு சொல்லியிருக்கார். மாசம் 12,000 ரூபாய். 18 மாசம் கட்டியிருக்கார் மச்சான். கூட்டிப் பார்த்தா 2,16,000. அந்த 2022 தீபாவளிக்கு ஆளுங்களுக்கு போனஸ் குடுக்க அக்காவோட வளையலை அடகு வெச்சாருங்கிறது பின்னாடி தங்கமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம்ம கிட்ட வாயைத் திறக்கலை மனுஷன்.

ஏஜென்சி மாசா மாசம் அனுப்பின ரிப்போர்ட்டை எல்லாம் திறந்து பார்த்தேன். கலர் கலரா படம், மேல நோக்கி பச்சை அம்புக்குறி. பத்து தொடருக்கு முதல் பக்கம், அதுல ஆறுக்கு முதல் இடம்னு போட்டிருந்தது. பொய்யா இருக்கும்னு நானே தேடிப் பார்த்தேன். பொய் இல்லைங்க. நெஜமாவே முதல் இடம்! ஆனா அந்த ஆறு தொடரைப் பாருங்க. அஞ்சுல மச்சான் கம்பெனி பேரே இருக்கு. ஆறாவது, "பெஸ்ட் குவாலிட்டி டேபிள்டாப் வெட் கிரைண்டர் மேனுஃபேக்சரர் அண்ட் சப்ளையர் இன் ஆவாரம்பாளையம்".

எந்த வீட்டு அம்மா இப்படித் தேடி கிரைண்டர் வாங்குவாங்க? நம்ம பேரை நாமளே கூப்பிட்டு, நாமளே "உள்ளேன் ஐயா" சொல்லிக்கிற மாதிரி. போட்டிக்கே ஆள் வராத பந்தயத்துல முதல் பரிசு வாங்கிக் குடுத்துட்டு மாசம் 12,000 வாங்கியிருக்காங்க.

என் கட்சி என்னன்னு இங்கேயே சொல்லிடறேன். சின்னத் தொழில் பண்றவருக்கு எத்தனாவது இடம்ங்கிறது ரெண்டாவது கேள்வி. எந்த வார்த்தைக்கு அந்த இடம்ங்கிறதுதான் முதல் கேள்வி. அந்த வார்த்தை ஏஜென்சிக்குத் தெரியாது. மச்சானுக்குத் தெரியும். ஆனா தனக்குத் தெரியும்ங்கிறதே மச்சானுக்குத் தெரியாது. சிக்கலே அங்கதான்.

அதுக்கு முன்னாடி, மீதி காசு எங்க போச்சுன்னு கொஞ்சம் கொசுவத்தி சுத்திடறேன். 1998ல லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டுல படிக்கிறப்ப ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு பக்கத்துக்கு மத்த பக்கங்கள்லேர்ந்து வர்ற லிங்க் எல்லாம் ஓட்டு மாதிரி, அதுலயும் பெரிய மனுஷன் போடுற ஓட்டுக்கு மதிப்பு ஜாஸ்திங்கிறதுதான் சாரம். கூகுள் வளர்ந்ததே அந்த யோசனையில. ஓட்டுன்னு ஒண்ணு வந்தா ஓட்டுக்குத் துட்டும் வரும்ல? நம்ம ஊருக்குச் சொல்லியா தரணும். லிங்க் விக்கிறது ஒரு தொழிலாவே ஆச்சு. 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ், ஜே.சி.பென்னிங்கிற அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோருக்காக சம்பந்தமே இல்லாத நூத்துக்கணக்கான சைட்டுகள்ல லிங்க் போட்டிருந்ததை எழுதிச்சு. கூகுள் கை வெச்சதும் சாம்சொனைட் பெட்டிக்கு முதல் இடத்துல இருந்தவங்க ரெண்டு மணி நேரத்துல 71வது இடம். எங்களுக்குத் தெரியாம நடந்துச்சுன்னு சொல்லி அவங்க எஸ்ஈஓ கம்பெனியை அனுப்பிட்டாங்க. 2012 ஏப்ரல்ல பென்குயின்னு ஒரு மாற்றம் கொண்டுவந்து இப்படிப்பட்ட லிங்க் ஆட்டத்துக்குன்னே ஆப்பு வெச்சாங்க. 2016 செப்டம்பர்லேர்ந்து அந்த மாதிரி லிங்க்கைப் பெரும்பாலும் கணக்குலயே எடுத்துக்காம விட்டுடறாங்க.

மச்சான் சைட்டுக்கு வந்த லிங்க்கைப் பார்த்தேன். செருப்பு விக்கிற சைட், ரஷ்ய மொழியில ஒண்ணு, ஆன்லைன் ரம்மி ரெண்டு மூணு. ஊத்துக்குளி கல்லுக்கும் ரம்மிக்கும் என்னங்க உறவு? நல்லவேளை, கூகுள் சர்ச் கன்சோல்ல கூகுள் நேரடியா தண்டனை எதுவும் குடுத்த மாதிரி காட்டலை. கண்டுக்காம விட்டிருக்கு, அவ்வளவுதான். காசு போனது போனதுதான்.

பில்லுல இன்னொரு வரி: "மெட்டா கீவேர்டு 200". இந்த மெட்டா கீவேர்டை வரிசைப்படுத்த நாங்க பார்க்கிறதே இல்லைன்னு கூகுள் 2009 செப்டம்பர்லயே பகிரங்கமா சொல்லிடுச்சு. 2022ல அதுக்கு பில்!

எஸ்ஈஓ பண்றவங்க எல்லாருமே ஃபிராடுன்னு நான் சொல்லலை. ஒழுங்கா பண்றவங்க இருக்காங்க, செய்ய வேண்டிய வேலையும் இருக்கு. மச்சான் சைட்டுல போட்டோ ஒவ்வொண்ணும் 4 எம்பி, கேமராலேர்ந்து எடுத்து அப்படியே ஏத்தியிருந்தாங்க. விலைப்பட்டியல் முழுக்க ஒரே படம், எழுத்தா ஒரு வரி இல்லை. போன் நம்பர் கூட படம்தான். மொபைல்ல தொட்டா போன் போகாது! தேடுறவங்கள்ல முக்கால்வாசி பேர் கையில இருக்கிறது மொபைல்தானே. இதையெல்லாம் ரெண்டு சனி ஞாயிறுல நானே சரி பண்ணிட்டேன். 18 மாசத்துல அவங்க தொடாத இடம் இது.

பெரிய அடி வேற இடத்துல இருந்தது. ஏஜென்சியை நிறுத்தலாம்னு போனா, டொமைன் அவங்க பேருல பதிவாகியிருக்கு. கேட்டா 30,000 குடுங்க, மாத்தித் தர்றோம்ங்கிறாங்க. "விட்டுத் தள்ளுங்க மச்சான், வேற பேர்ல புதுசா ஆரம்பிச்சுக்கலாம்"னேன். அவர் எந்திரிச்சுப் போய் ஒரு கிரைண்டரைத் திருப்பிக் காட்டினார். அடியில ஸ்டிக்கர். அதுல சைட் முகவரி. ஒன்றரை வருஷமா வித்த ஒவ்வொரு கிரைண்டர்லயும் அது ஒட்டிப் போயிருக்கு. வேற வழியில்லாம பேசிப் பேசி 15,000க்கு இறக்கி வாங்கினோம். இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது. தொழில் பண்றவங்க இதைப் படிச்சா, உங்க டொமைன் யார் பேருல இருக்கு, கூகுள் மேப்புல உங்க கடைக்கு ஓனர்னு யாரோட ஜிமெயில் இருக்குன்னு இன்னிக்கே பாருங்க. நாளைக்கு வேண்டாம்.

இனி வார்த்தை விஷயத்துக்கு வர்றேன். ஷோரூம்ல போனுக்குப் பக்கத்துல ஒரு நீள ரிஜிஸ்டர் கிடந்தது. யார் கூப்பிட்டாலும் பேர், ஊர், என்ன கேட்டாங்கன்னு மச்சான் ஒரு வரி குறிச்சு வைப்பார், அப்பா கத்துக் குடுத்த பழக்கம். புரட்டினேன். "புது கிரைண்டர், முதல்ல என்ன அரைக்கணும்?" "சுத்தலை, உம்முனு சத்தம் மட்டும் வருது." "பெல்ட் கிடைக்குமா, பழைய மாடல்." "பொண்ணு அமெரிக்கா போறா, 110 வோல்ட் உண்டா?" பக்கம் பக்கமா இதுதான். எனக்குப் புல்லரிச்சுடுச்சு. ஜனங்க என்ன தேடுறாங்கன்னு கண்டுபிடிக்க ஆயிரக்கணக்குல காசு வாங்கிக்கிட்டு சாப்ட்வேர் விக்கிறாங்க, இங்க நீல பால்பாயின்ட்ல எழுதி சும்மா கிடக்குது.

ஒவ்வொரு கேள்வியா மச்சான் கிட்ட கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தட்டினேன். தமிழ்ல ஒரு பக்கம், இங்கிலீஷ்ல ஒரு பக்கம். அமெரிக்கா விஷயத்துல மட்டும் அரை மணி நேரம் பேசினார். நம்ம ஊர் கரன்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டிக்கலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. "ட்ரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தானுங்க மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாதுங்களே! மோட்டாரு அஞ்சுல ஒரு பங்கு வேகம் சேர்ந்து ஓடும். மாவு சூடாகும், பெல்ட்டு சீக்கிரம் போகும். அதுக்குன்னு இருக்கிற மோட்டாரைப் போட்டு வாங்கறதுதான் நல்லதுங்க." துபாய், சிங்கப்பூர்னா கவலை இல்லை, அங்கேயும் 230, 50 தான், பிளக்கை மாத்தினா போதும்னார்.

இதை நானும் தேடிப் பார்த்தேன். 110 வோல்ட் கிரைண்டர் விக்கிறவங்க ஏகப்பட்ட பேர். ஆனா வோல்ட்டோட நிறுத்திடறாங்க, ஹெர்ட்ஸைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அந்தப் பக்கத்தை 2023 மார்ச்ல ஏத்தினோம். மூணு வாரம் எட்டிக்கூடப் பார்க்கலை யாரும். மச்சான் தினம் போன் பண்ணி "வந்துச்சுங்களா"ம்பார். அப்புறம் மூணாவது பக்கத்துல தலை தெரிஞ்சது. ஆகஸ்ட்ல முதல் பக்கம். இப்போ அந்த ஒரு பக்கத்தால மட்டும் மாசம் எட்டு, பத்து போன் வருது. பெரும்பாலும் பொண்ணை வழியனுப்பற அம்மாக்கள். கூப்பிட்டா பாதி பேர் வாங்கிடறாங்க.

கூகுள் மேப்பையும் சும்மா விடலை. ஏஜென்சி போட்டு வெச்சிருந்த "குட் ப்ராடக்ட் நைஸ் சர்வீஸ்" ரகப் போலி விமர்சனங்களை எடுக்கச் சொல்லி புகார் பண்ணினோம், சிலது போச்சு, சிலது இன்னும் இருக்கு. சர்வீஸுக்கு வர்றவங்க கிட்ட மச்சான் பையன் இப்ப நேரா கேக்கறான், "மனசுக்குப் பட்டதை எழுதுங்க"ன்னு. ஒருத்தர் "காபி குடுத்தார்கள், பெல்ட் சரியில்லை"ன்னு எழுதிட்டார். மச்சானுக்கு ஒரு நாள் சோறு இறங்கலை. மறுநாள் பெல்ட் சப்ளையரை மாத்திட்டார்.

"இப்பத்தான் கூகுளே மேல ஏஐ பதில் போட்டுடுதே, அப்புறம் யார் உங்க பக்கத்துக்கு வருவா?"ன்னு ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 2024 ஆகஸ்ட்ல இந்தியாவுக்கும் அது வந்துச்சு. "புது கிரைண்டர்ல முதல்ல என்ன அரைக்கணும்"ங்கிற பக்கத்துக்கு அதுக்கப்புறம் வரவு பாதியாச்சு. பழைய அரிசியைப் போட்டு ரெண்டு மூணு தடவை அரைச்சு, கல் தூள் போக கழுவி ஊத்துங்கன்னு அதுவே சொல்லிட்டா, எங்க பக்கத்தை எதுக்குத் திறக்கணும்? உழைச்சவன் ஒருத்தன், பேர் வாங்குறவன் ஒருத்தன்னு எனக்குக் கடுப்புதான். ஆனா பதிலை மட்டும் தேடினவர் அன்னிக்கும் கிரைண்டர் வாங்கலை. பழைய மாடல் பெல்ட் வேணும்ங்கிறவருக்கு ஏஐ கூரியர் அனுப்பாதே. அவர் இன்னும் மச்சானுக்குத்தான் போன் பண்றார்.

ஓட்டலுக்கான டில்டிங் கிரைண்டர் பக்கம் மட்டும் இன்னும் நாலாவது பக்கத்துலயே கிடக்குது. ரெண்டு தடவை மாத்தி எழுதியாச்சு, நகரலை. ரிஜிஸ்டரைப் பார்த்தா காரணம் புரியுது. ஓட்டல்காரங்க யாரும் போன்ல கேள்வி கேக்கறதில்லை, நேர்ல வந்து கல்லைத் தட்டிப் பார்த்துட்டு விலை பேசிட்டுப் போயிடறாங்க. அடுத்த மாசம் மச்சான் கூட அன்னபூர்ணா பக்கம் காபி குடிக்கப் போற சாக்குல நாலு ஓட்டல் சமையல்கட்டுல தலையை நீட்டலாம்னு இருக்கேன்.